ஒட்டு நகம் வீட்லயே கழட்டுன அனுபவம் இருக்கா? என்னோடத மொதல்ல சொல்றேன்

தை மாசம் தங்கச்சி கல்யாணத்துக்கு பார்லர்ல பத்து விரலுக்கும் அக்ரிலிக் நகம் வச்சேன். மூணு வாரத்துல அடியில என் சொந்த நகம் வளந்து ஓரத்துல இடைவெளி விழுந்துருச்சு, தலை வாரும்போதெல்லாம் முடி போய் அதுல மாட்டும். கழட்டி விடுங்கன்னு போன் பண்ணா அடுத்த வாரம்தான் டைம் இருக்குன்னாங்க. கட்டை விரல்ல ஒரு ஓரம் லேசா தூக்கிட்டு இருந்துச்சு, பொறுக்க முடியாம நெம்பி இழுத்துட்டேன்.

நகம் வந்துருச்சு, ஆனா திருப்பிப் பாத்தா உள்பக்கம் வெள்ளை வெள்ளையா பொருக்கு மாதிரி ஒட்டியிருக்கு, அது என் நகத்தோட மேல் அடுக்கு. விரல்ல மிச்சம் இருந்தது வெங்காயச் சருகு கணக்கா மெலிசு, அழுத்துனா வளையுது. அன்னைக்கு ராத்திரி ரசம் சோறு பிசைய முடியல, சூடு நேரா சதையில ஏறுது. பூண்டு உரிக்கிறது பத்து நாளைக்கு அம்மா வேலை ஆயிடுச்சு. கை நகம் மாசத்துக்கு 3 மில்லிமீட்டர் போலதான் வளருமாம், இப்ப ஆடி பொறந்தாச்சு, இன்னும் நுனியில அந்த மெலிசு பாகம் கொஞ்சம் இருக்கு.

மத்த ஒன்பது விரலையும் பொறுமையா எடுத்தேன், ஒண்ணும் ஆகல. நீளத்த நெயில் கட்டர்ல வெட்டிட்டு மேல இருக்குற பளபளப்பு போற வரைக்கும் ஃபைல் போட்டேன், அந்த கோட்டிங் இருந்தா அசிட்டோன் (அக்ரிலிக்க கரைக்கிற திரவம்) உள்ள எறங்காது. நகத்த சுத்தி தோல்ல வாஸ்லின். அப்புறம் பஞ்ச நகம் அளவுக்குப் பிச்சு அசிட்டோன்ல நனைச்சு மேல வச்சு, சப்பாத்தி சுத்துற ஃபாயில துண்டு போட்டு இறுக்கி சுத்திட்டேன். அரை மணி நேரம் ஆச்சு. பிரிச்சுப் பாத்தா ஊறுன அப்பளம் மாதிரி கொழகொழன்னு இருக்கும், மரக்குச்சியால லேசா தள்ளுனாலே வரும். வரலைன்னா சுரண்டாதீங்க, திரும்ப பஞ்சு வச்சு இன்னும் பத்து நிமிஷம் விடுங்க, நான் ரெண்டு விரலுக்கு அப்படித்தான் பண்ணேன். முடிச்சதும் கை கழுவிட்டு ஒரு வாரம் ராத்திரி ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவுனேன்.

ஒண்ணு பாத்து வாங்குங்க, ஃபேன்சி ஸ்டோர்ல நிறைய ரிமூவர்ல அசிட்டோன் இல்லைன்னே போட்டிருக்கும், அது நெயில் பாலிஷுக்குத்தான் ஆகும், அக்ரிலிக் கரையாது.

—

அக்கா நானும் இப்படித்தான் முக்கா மணி நேரம் ஊற வச்சேன், ஒரு இம்மி நகரல. பார்லர்ல கேட்டா அது அக்ரிலிக்கே இல்ல, ஹார்ட் ஜெல்னு வேற வகையாம், அசிட்டோன்ல கரையவே கரையாதாம், ஃபைல் போட்டுத்தான் எடுக்கணுமாம். அவங்கதான் மெஷின்ல ராவி எடுத்தாங்க. வைக்கும்போதே என்ன வகைன்னு கேட்டு போன்ல எழுதி வச்சுக்கங்க.

—

நான் பிரஸ் ஆன் போடுவேன், ரெடிமேடா வர்ற நகத்த அப்படியே ஒட்டிக்கிறது. வெதுவெதுன்னு தண்ணி, கொஞ்சம் ஷாம்பூ, ரெண்டு சொட்டு எண்ணெய், 15 நிமிஷம் ஊறுனா ஓரத்துல இருந்து தானா விடும். பசை விஷயத்துலதான் எனக்கு அடி. நக பசை விரல்ல கொட்டிருச்சுன்னு பஞ்சால துடைச்சேன், ஒரு செகண்ட்ல பஞ்சு சுருக்குனு சூடாகி ஒட்டிக்கிச்சு, கொப்புளமே வந்துருச்சு. அந்தப் பசையும் பருத்தியும் சேந்தா சூடு கெளம்பும்னு டாக்டர் சொல்லித்தான் தெரியும். பிள்ளைங்க இருக்குற வீடுன்னா அந்த பாட்டில எட்டாத எடத்துல வைங்க ப்ளீஸ்.

—

நான் ஸ்டாஃப் நர்ஸ். ஆபரேஷனுக்கு வரவங்க தயவுசெஞ்சு முன்னாடியே கழட்டிட்டு வாங்க. ஆக்சிஜன் பாக்குற கிளிப்ப விரல் நுனியிலதான் மாட்டுவோம், கெட்டியா கலர் கலரா நகம் இருந்தா அளவு சரியா காட்டாம போகலாம், நகம் நீலம் பாயுதான்னு கண்ணால பாக்கவும் முடியாது. பிரசவ தேதி நெருங்குன பொண்ணுங்க கடைசி மாசம் தொடங்குனதுமே எடுத்துருங்க, வலி வந்தப்புறம் அரை மணி நேரம் ஊற வைக்க யாருக்கும் நேரம் இருக்காது. கழட்டுனதும் நகத்துல பச்சையா கறை தெரிஞ்சா அது கிருமித்தொற்று, மேல பாலிஷ் போட்டு மறைக்காம ஸ்கின் டாக்டர்ட்ட காட்டுங்க.

—

நர்ஸ் அக்கா ரொம்ப நன்றி, என் நாத்தனாருக்கு அடுத்த மாசம் தேதி, இன்னைக்கே சொல்லிடுறேன். இன்பாக்ஸ்ல ஒருத்தங்க அசிட்டோன அடுப்புல லேசா காட்டி சூடு பண்ணலாமான்னு கேட்டீங்க, வேணவே வேணாம்மா, அதோட ஆவியே குப்புனு தீப்பிடிக்கும். சமையக்கட்டுலயும் வேணாம், விளக்கு ஏத்தியிருக்குற பூஜை ரூம் பக்கமும் வேணாம். ஜன்னல தொறந்து வச்சு உக்காருங்க. ஊத்துறதுக்கு கண்ணாடி கிண்ணமோ எவர்சில்வரோ எடுங்க, சில பிளாஸ்டிக் அதுல இளகிடும், என் பழைய சோப்பு டப்பா அப்படித்தான் போச்சு.