கியோட்டோ: சக்கர நாற்காலியோடு மாலையில் காமோ ஆற்றங்கரை போக வழி வேண்டும்

அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம், படி ஏறவே முடியாது. நவம்பர் நடுவில் ஜப்பானில் கியோட்டோ போகிறோம். அப்போது அங்கே 5 மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். கின்ககுஜி என்ற பொன் கோயிலும் 5 மணிக்கு மூடிவிடும். ஃபுஷிமி இனாரி ஆலயம் இரவெல்லாம் திறந்திருக்கும், ஆனால் மலை முழுக்கப் படி. நினென்சாகா என்ற பழைய தெருவிலும் படிதான். யாசகா ஆலயத்தில் கியோன் பகுதிப் பக்கம் படியோடு இருக்கும் வாசலை விட்டுவிட்டுத் தெற்கு வாசல் வழியாகப் போகலாம் என்றிருக்கிறேன். நடன மேடையைச் சுற்றி வரிசை வரிசையாகத் தொங்கும் விளக்குகளை அம்மா பார்த்தே ஆகவேண்டும்.

அதற்குப் பிறகு ஆற்றங்கரைதான் சிக்கல். வரைபடத்தில் தெருப் படங்களைப் பார்த்தேன். ஷிஜோ பாலத்தருகே படிக்கட்டுதான் தெரிகிறது. விடுதியில் கேட்டால் டாக்ஸி எடுங்கள் என்கிறார்கள். மடக்கு நாற்காலி, தள்ள நான் ஒருத்திதான்.

ஷிஜோ பாலத்துக்கும் சான்ஜோ பாலத்துக்கும் இடையில், கரைப் பாதைக்கு இறங்கப் படியில்லாத சரிவு எந்தப் பக்கம் இருக்கிறது?