பழம் துளைக்கும் அந்துப்பூச்சி: இரண்டில் எது?

முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒட்டுசுட்டானுக்கு அருகே எங்கள் வளவில் தோடை, மாதுளைப் பழங்களைத் துளைக்கும் அந்துப்பூச்சியின் இனப்பெயரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை. மாரி தொடங்கியதிலிருந்து இரவில் வருகிறது. பழத்தில் ஊசி குத்தியதுபோல் ஒரு துளை. அதைச் சுற்றித் தோல் மெத்தென்றாகி, பழம் அழுகி விழுகிறது.

முன்சிறகு காய்ந்த இலை நிறம். பின்சிறகு செம்மஞ்சள், நடுவில் அவரைவிதை போல் வளைந்த கரும்புள்ளி, ஓரத்தில் கரும்பட்டை. யூடோசிமா என்ற பேரினத்தைச் சேர்ந்தது இது. புள்ளி வட்டமாக இல்லாததால், வட்டப்புள்ளி கொண்ட யூடோசிமா மாட்டர்னாவை ஒதுக்கிவிட்டேன். எஞ்சுபவை அதே பேரினத்தின் ஃபலோனியா, ஹோமேனா என்ற இரண்டு இனங்கள்.

வெள்ளைத் துணி கட்டி விளக்கு வைத்துப் படமெடுத்தேன். கைபேசிச் செயலி படத்துக்குப் படம் பெயரை மாற்றுகிறது. வேலியிலுள்ள சீந்தில்கொடியில் இருபுறமும் கண்போன்ற புள்ளிகள் கொண்ட கரிய புழுவை எடுத்து வளர்த்தேன். அதே பூச்சிதான் வெளிவந்தது. ஆனால் இந்தப் பேரினத்தின் புழுக்கள் பலவும் சீந்தில் குடும்பத்துக் கொடிகளையே தின்பதால் அதுவும் கைகொடுக்கவில்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் முன்சிறகு வேறுபடுவது இன்னொரு சிக்கல்.

பழைய நூல்களில் ஃபலோனியா, ஒத்ரெய்ஸ் ஃபுல்லோனியா என்ற பெயரில், நொக்டுயிடே குடும்பத்தில் இருக்கிறது, இப்போது எரெபிடே. எந்தப் படம் எந்தப் பெயருக்குரியது என்று ஒப்பிடுவதே பெரும்பாடு. முல்லைத்தீவு மாவட்டப் பதிவில் தவறான பெயர் ஏறிவிடக் கூடாது என்பதில் உறுதியாக இருக்கிறேன். பதப்படுத்திய ஆண், பெண் இரண்டும் கைவசம் உள்ளன.

சிறகு அடையாளங்களை மட்டும் வைத்து இவ்விரண்டையும் பிரித்தறிய முடியுமா, முடியுமென்றால் எந்த அடையாளத்தைப் பார்க்க வேண்டும்?