சர்ச்சில் கடைசி பெஞ்சுக்குப் பிரசங்கம் புரியணும்னா: சவுண்டு ஆட்களின் அனுபவப் பகிர்வு

பழைய சர்ச். பீடத்திலிருந்து தலைவாசல் வரை 40 மீட்டர், அகலம் 14, உயரம் 10. சுண்ணாம்புச் சுவர், கல் தரை, மர பெஞ்சு. முன்னால ஸ்டாண்டுல ரெண்டு 15 இஞ்ச் ஸ்பீக்கர் பாக்ஸ். இந்த மாதிரி இடத்துல புகார் எப்பவும் ஒண்ணுதான்: பின்னாடி சத்தம் வருது, வார்த்தை புரியலை. உடனே கமிட்டியில "பெரிய ஆம்ப்ளிஃபையர் (ஆம்ப்) வாங்கிடலாம்"னு முடிவாகும். அந்தக் காசு வீண்.

பாக்ஸிலிருந்து நேரா வர்ற சத்தம் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். சுவர்லயும் கூரையிலயும் பட்டுத் திரும்புற முழக்கம் ஹால் முழுக்க ஏறக்குறைய ஒரே அளவுல நிக்கும். வால்யூமைக் கூட்டினா ரெண்டும் சேர்ந்தே கூடும். இந்த அளவுக் கட்டடத்துல முழக்கம் அடங்க 3 வினாடி ஆச்சுன்னா, சாதாரண பாக்ஸுக்கு 5, 6 மீட்டர்லயே நேர்ச் சத்தமும் முழக்கமும் சமமாயிடும். அதுல மூணு மடங்கு தாண்டினா, அதாவது 16, 17 மீட்டருக்கு அப்புறம், மெய்யெழுத்து கரைஞ்சுடும். "பாவம்", "பாதம்", "பாடம்" மூணும் ஒண்ணாத்தான் கேட்கும்.

சரியான வழி, ஆளுக்குப் பக்கத்துல ஸ்பீக்கரைக் கொண்டுபோறது. தூண்கள்ல ரெண்டு பக்கமும் காலம் (column) ஸ்பீக்கர், அதாவது சின்ன ஸ்பீக்கர்களை ஒண்ணுக்கு மேல ஒண்ணா அடுக்கின ஒல்லியான நீள பாக்ஸ்: பீடத்துக்கு முன்னால ஒரு ஜோடி, அதுலேர்ந்து 14 மீட்டர்ல அடுத்தது, 27 மீட்டர்ல மூணாவது. காலம் ஸ்பீக்கர் மேலும் கீழும் சத்தத்தை அதிகம் சிதறவிடாது, கூரைக்குப் போறது குறையும். உட்கார்ந்த ஆளோட காது 1.2 மீட்டர் உயரத்துல இருக்கும். ஸ்பீக்கர் அதைப் பார்த்து லேசா குனிஞ்சு நிக்கணும்.

* * *

மேல அண்ணன் சொன்ன மூணு ஜோடியில, பின் ஜோடிகளுக்கு டிலே (சத்தத்தைக் கொஞ்சம் தாமதிச்சு அனுப்புறது) இல்லாம விட்டா, இருந்ததை விட மோசமாயிடும். வெயில் காலத்துல 30 டிகிரியில ஒலி வினாடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். மீட்டருக்கு 2.86 மில்லிசெகண்டு. ரெண்டாவது ஜோடிக்கு 14 மீட்டர்னா 40, மூணாவதுக்கு 27 மீட்டர்னா 77. அதோட ஒரு 10 முதல் 15 மில்லிசெகண்டு கூட்டி வைங்க. முன்னாடியிருந்து வர்ற சத்தம் காதுக்கு முதல்ல எட்டினாத்தான், பேச்சு பீடத்திலிருந்து வர்ற மாதிரி இருக்கும்; தலைக்கு மேல தூண் பேசுற மாதிரி இருக்காது. ஏசி போட்டு 22 டிகிரி ஆனாக்கூட 27 மீட்டருக்கு ஒரு மில்லிசெகண்டுதான் மாறும், அதுக்காகக் கவலைப்பட வேண்டாம்.

அடிக்கடி பார்க்கிற தப்பு: மிக்சர்ல எஃபெக்ட் பட்டனுக்குள்ள இருக்கிற "டிலே"யை ஏத்தி வைக்கிறது. அது பாட்டுக்குப் போடுற எக்கோ, வார்த்தையைத் திருப்பித் திருப்பிச் சொல்லும். நமக்கு வேண்டியது அவுட்புட் டிலே. டிஜிட்டல் மிக்சர்ல ஒவ்வொரு அவுட்டுக்கும் இருக்கும். அனலாக் மிக்சர்னா ஆம்புக்கு முன்னால டிலே வைக்க ஒரு டிஎஸ்பி ப்ராசஸர் (சத்தத்தை டிஜிட்டலா மாத்திச் சரிபண்ற தனிப் பெட்டி) வேணும். மூணு ஜோடியையும் ஒரே ஆம்ப் சேனல்ல ஒண்ணோட ஒண்ணு லூப் அடிச்சு இணைச்சிருந்தா எந்த டிலேயும் வேலை செய்யாது. ஜோடிக்கு ஒரு சேனல் பிரிச்சே ஆகணும். வயரிங் பழசுன்னா செலவு இங்கதான் வரும், கமிட்டிக்கு முன்கூட்டியே சொல்லிடுங்க.

லெவல் வைக்க: பின் ஜோடி பாடுறதே தெரியக் கூடாது, ஆனா அதை ஆஃப் பண்ணினா பேச்சு விழுந்த மாதிரி தெரியணும். அந்த இடத்துல நிறுத்துங்க.

* * *

ஸ்பீக்கரை மாத்தியும் தெளிவு வரலைன்னா மைக்கைப் பாருங்க. பீடம், வாசக மேடை, பாடகர் குழுவுக்கு நாலு, கீபோர்டுக்காரருக்கு, ஜெபம் சொல்றவருக்குன்னு எட்டு மைக் எப்பவும் திறந்தே கிடக்கும். திறந்த மைக் இரட்டிக்கிறப்பல்லாம் ஃபீட்பேக் (ஸ்பீக்கர் சத்தம் மைக்குக்குள்ள திரும்பிப் போய்க் கூவுறது) வர்றதுக்கு முன்னால கூட்ட முடியுற அளவுல, அதாவது கெய்ன்ல, 3 டெசிபல் போகும். எட்டு மைக்னா 9 டெசிபல் போச்சு. கூடவே ஹாலோட முழக்கத்தையும் எட்டு மைக்கும் வாங்கி உள்ளே அனுப்பும். பிரசங்க நேரத்துல ஒரு மைக் மட்டும் திறந்திருக்கட்டும், மத்தது மியூட்.

வாசக மேடையில அழகுக்காக ரெண்டு கூஸ்நெக் மைக் (வளையுற கழுத்து உள்ளது) வைக்கிறாங்க. பேசுறவர் தலையைத் திருப்பும்போதெல்லாம் குரல் குழிஞ்சு குழிஞ்சு வரும், ரெண்டு மைக்குக்கும் சத்தம் வேற வேற நேரத்துல போய்ச் சேர்றதால. ஒண்ணு போதும், வாயிலிருந்து 20 முதல் 30 சென்டிமீட்டர். ஃபேன் காத்து நேரா அடிச்சா ஃபோம் மாட்டுங்க, 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிற அடிச் சத்தத்தை வெட்ட லோ கட் போடுங்க.

கூவுற ஃப்ரீக்வென்சியைத் தேடிக் குறைக்கிறப்போ மூணு நாலு இடத்துல 3 முதல் 6 டெசிபல் குறுகலா வெட்டினாப் போதும். ஈக்வலைசர்ல பத்து ஃபேடர் கீழே இறங்கிக் கிடந்தா, மைக் ஸ்பீக்கருக்கு முன்னால நிக்குதுன்னு அர்த்தம். அங்க போய் மைக்கை நகர்த்துங்க.

* * *

ஒண்ணு சேர்க்கணும். கீபோர்டு சொருகினதும் "ம்ம்ம்"னு இரைச்சல் வந்தா, பீடத்துப் பக்கத்து பிளக்கும் மிக்சர் இருக்கிற பிளக்கும் வேற வேற எர்த்துல நிக்குதான்னு பாருங்க. ஒரே போர்டுலேர்ந்து ரெண்டுக்கும் கரண்ட் எடுங்க, கீபோர்டுக்கும் மிக்சருக்கும் நடுவுல டிஐ பாக்ஸ் (சிக்னலை மைக் லைனுக்கு ஏத்த மாதிரி மாத்துற சின்னப் பெட்டி) போட்டு, அதுல கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சை (சிக்னல் வயரோட எர்த் இணைப்பை மட்டும் பிரிக்கிறது) அமுக்குங்க. இரைச்சல் போகணும்னு த்ரீ பின் பிளக்குல எர்த் பின்னை உடைக்கிறவங்க இன்னும் இருக்காங்க. கிடார் கம்பியில கை, மைக் கிரில்ல உதடுன்னு நிக்கிற பையனுக்கு அது உயிர் போற விஷயம். எந்த அவசரத்துலயும் செய்யாதீங்க.

அப்புறம், காலி ஹால்ல வைக்கிற செட்டிங் திருவிழா அன்னைக்கு ஒத்து வராது. ஒரு ஆள் சுமார் 0.4 முதல் 0.5 சதுர மீட்டர் திறந்த ஜன்னல் விழுங்குற அளவுக்குச் சத்தத்தை உறிஞ்சுவார். மேல சொன்ன ஹால்ல 500 பேர் உட்கார்ந்தா 3 வினாடி முழக்கம் 2 வினாடிக்கும் கீழே இறங்கிடும். பேச்சு தெளியும், ஆனா லெவல் குறைஞ்ச மாதிரி இருக்கும். கஷ்டம் கொடுக்கிறது வார நாள் காலைப் பூசைதான்: முப்பது பேர், முழு முழக்கம். டிஜிட்டல் மிக்சர்ல ரெண்டு சீன் (மொத்த செட்டிங்கோட பதிவு) சேவ் பண்ணி வைங்க. வார நாளுக்கு முன் ஜோடி மட்டும், வால்யூம் குறைச்சு, 250 முதல் 500 ஹெர்ட்ஸ் வரைக்கும் 3 டெசிபல் இறக்கி. ஆட்களை முன் பெஞ்சுக்கு வரச் சொல்லுங்க. ஞாயிறுக்கு மூணு ஜோடியும்.