ஆர்விக்குத் தமிழ்ல என்ன பேர் வைக்கலாம்?

குழு நண்பர்களுக்கு வணக்கம்,

போன வாரம் இங்க ஆர்விக்கு (recreational vehicle, படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கிற பயண வண்டி) சொல் தேடிட்டு இருந்தப்ப நான் ஒரு ஆர்விக்குள்ளதான் உக்காந்திருந்தேன். கலிஃபோர்னியாவுல செக்கோயா, கிங்ஸ் கேன்யன் ரெண்டு தேசியப் பூங்காவையும் சுத்திட்டு நேத்துதான் வீட்டுக்கு வந்தோம், அதனால மடல் கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

குழுவுல வந்த யோசனைகள்ல 'பொழுதுபோக்கு ஊர்தி' வேண்டவே வேண்டாம். அதைக் கேட்டா பொருட்காட்சி ராட்டினம்தான் ஞாபகம் வருது. 'வீட்டூர்தி'யும் எனக்கு ஒட்டல, ஏன்னா வீட்டு வண்டின்னா நம்ம ஊர்ல வீட்டுக்குச் சொந்தமான வண்டின்னுதான் அர்த்தம், வாடகை வண்டிக்கு எதிர்ப்பதமா சொல்றது. 'கேரவன்'னு அப்படியே வச்சுக்கலாம்னு ஒருத்தர் எழுதியிருந்தார், ஆனா தமிழ்நாட்டுல கேரவன்னா ஷூட்டிங்ல நடிகர் மேக்கப் போட்டுக்கிற வண்டி, இங்கிலாந்துல கேரவன்னா கார் பின்னால கட்டி இழுத்துட்டுப் போறது, ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்குவோம்.

நான் சொல்ற சொல் தங்கூர்தி. தங்கு + ஊர்தி. அது செய்ற வேலையே அதுதானே, ஓடும், நின்ன இடத்துல தங்கவும் இடம் கொடுக்கும். நாங்க எடுத்தது 25 அடி வண்டி. செக்கோயாவுக்கு விசாலியா ஊர்ப் பக்கமிருந்து 198-ம் நம்பர் நெடுஞ்சாலையில ஏறலாம்னு நெனச்சிருந்தோம், ஆனா பாட்விஷா முகாமுக்கும் ஜயன்ட் ஃபாரஸ்ட்ங்கிற பெரிய மரக்காட்டுக்கும் நடுவுல 22 அடிக்கு மேல நீளமான வண்டி வேண்டாம்னு பூங்காக்காரங்களே சொல்றாங்க, அவ்வளவு கொண்டை ஊசி வளைவு. அதனால ஃப்ரெஸ்னோ ஊருக்குப் போயி 180-ம் நம்பர் ரோட்டுல சுத்திக்கிட்டு ஏறினோம். அந்த ரோடும் லேசுல்ல, ஒவ்வொரு வளைவுலயும் எவர்சில்வர் பாத்திரம் எல்லாம் அலமாரிக்குள்ள கடகடன்னு உருளுது, சாம்பார் தூக்கை என் அம்மா மடியில வச்சுப் பிடிச்சுக்கிட்டே வந்தாங்க. பூங்காவுல கிராண்ட் குரோவ்ங்கிற இடத்துக்கு வந்து நிறுத்தினதும் அதே பாத்திரத்தை எடுத்து அடுப்பு பத்த வச்சாச்சு. அதைப் பாத்தப்பதான் தங்கூர்தின்னு தோணுச்சு.

மரத்தைப் பத்தியும் ஒரு சொல் விஷயம் இருக்கு. இந்தப் பூங்காக்கள்ல இருக்கிற ராட்சச செக்கோயா மரத்தை இங்கிலீஷ்ல ரெட்வுட்னும் சொல்வாங்க, அதை 'செம்மரம்'னு எழுதறதை தயவுசெஞ்சு நிறுத்தணும். செம்மரம்னா நமக்கு சேஷாசலம் காட்டுல வளர்ற மரம், கடத்தல் செய்தியில தினம் படிக்கிற மரம், இதுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. செக்கோயான்னே வச்சுக்கலாம். அந்தப் பேரைச் சொல்லும்போதே அந்தப் பட்டை என் கையில தட்டுப்படுது, தேங்கா நார் மாதிரி மெத்துன்னு இருக்கு, மழையில ஊறின நார் இல்ல, காய்ஞ்ச நார். சில இடத்துல அது ஒரு அடிக்கு மேல தடிமன். பைன் மாதிரி பிசின் வடியாது, டானின்ங்கிற துவர்ப்புப் பொருள் நிறைய, அதனாலதான் தீ சுலபமா உள்ள ஏற முடியல. அங்க இருக்கிற ஜெனரல் ஷெர்மன்ங்கிற பேர் வச்ச செக்கோயா மரம் 83.8 மீட்டர் உயரம், அடியில சுத்தளவு 31 மீட்டர், வயசு சுமார் 2,200 இருக்கும்னு கணக்கு. இவ்வளவு பெரிய மரத்தோட காய் கோழிமுட்டை அளவுதான், தீயோட சூடு பட்டா அது காய்ஞ்சு வாய் திறந்து விதை கொட்டும். தீ வேணும், ஆனா 2020-லயும் 2021-லயும் வந்த மாதிரி தீ இல்ல, அதுல ஆயிரக்கணக்கான பெரிய மரங்க செத்துப்போச்சு. 2021-ல ஷெர்மன் அடிமரத்தைச் சுத்தி அலுமினியப் போர்வை கட்டிக் காப்பாத்தினாங்க. கருகி நிக்கிற மரங்களை ரோட்டுல இருந்தே பாக்கலாம், வண்டியில எல்லாரும் பேச்சை நிறுத்திட்டோம்.

சரி, தங்கூர்திக்கு ஏதாவது தடை இருந்தா சொல்லுங்க.

*

தம்பி,

பயணக் கதை அருமை, அம்மாவைக் கேட்டதா சொல்லுங்க. ஆனா தங்கூர்தியை வாய்விட்டு நாலு தடவை சொல்லிப் பாருங்க, தங்கத் தேர் மாதிரி கேக்குது. என் பேத்திகிட்ட சொன்னேன், "தங்கத்துலயா செஞ்சாங்க பாட்டி?"ன்னு கேட்டா. குழந்தை காதுதான் சரியான உரைகல்.

வண்டிங்கிற சொல்லையே ஏன் விடணும்? பெரும்பாணாற்றுப்படையில உப்பு விக்கிற உமணர் வண்டி வருதே, அதுல கோழிக்கூடு இருக்கும், சின்ன உரல் கட்டித் தொங்கும், கைக்குழந்தையோட ஒருத்தி மாட்டை ஓட்டிட்டுப் போவா. குடும்பமே வண்டியில போறது நமக்குப் புதுசில்ல. என் யோசனை குடில்வண்டி. குடில்னா சின்ன வீடு, வண்டி எல்லாருக்கும் தெரியும். விளக்கம் சொல்ல வேண்டியதே இல்ல.

*

அக்கா,

பேத்தி சொன்னது சரி, தங்கூர்தியை வாபஸ் வாங்கிக்கிறேன். குடில்வண்டி நல்லா இருக்கு, அதுல இன்னொரு வசதியும் இருக்கு. எஞ்சின் உள்ளயே இருக்கிற மோட்டார்ஹோம் வேற, காருக்குப் பின்னால இழுக்கிற ட்ரெய்லர் வேற. செக்கோயா பூங்காவுலயே மினரல் கிங்ங்கிற பகுதியில இருக்கிற முகாம்கள்ல ஆர்வியும் கூடாது ட்ரெய்லரும் கூடாதுன்னு தனித்தனியா போட்டிருக்காங்க, நமக்கும் தனித்தனி சொல் வேணும். முன்னதை ஓடுகுடில், பின்னதை இழுகுடில்னு சொல்லலாமா? ரெண்டுக்கும் பொதுவா குடில்வண்டி. "22 அடிக்கு மேற்பட்ட குடில்வண்டிகள் இவ்வழியே வர வேண்டாம்"னு ஒரு பலகை எழுதிப் பாத்தேன், நல்லா நிக்குது.

அடுத்து டம்ப் ஸ்டேஷன், அதாவது வண்டியோட கழிவுத் தொட்டியைக் காலி பண்ற இடம். அந்தப் பூங்கா முகாம்கள்ல தண்ணி, கரண்ட், கழிவுக் குழாய் இணைப்பு எதுவும் கிடையாது, தொட்டி நிறைஞ்சா நாமளே கொண்டுபோய் இறக்கணும். கிளவுஸ் போட்டு ஹோஸை மாட்டி, முதல்ல கக்கூஸ் தொட்டியைத் திறந்துவிட்டு அப்புறம் பாத்திரம் கழுவின தண்ணி, அப்பதான் பின்னால வர்ற தண்ணி ஹோஸை அலசிவிடும். மலநீர்த் தொட்டி, கழுவுநீர்த் தொட்டின்னு நான் எழுதி வச்சிருக்கேன். இறக்குற இடத்துக்கு 'கழிவிறக்கம்' போதுமா, இல்ல 'கழிவிறக்கிடம்'னு நீட்டணுமா?