பொருள்: மறு: மூத்த பிரபலங்களில் அடுத்த ஆண்டு யார் யார்? அச்சுக்கு முன் ஒரு சொல் வேண்டும்

காரைக்குடியிலிருந்து:

குழும அன்பர்களுக்கு வணக்கம். கல்லூரி முதலாண்டுப் புள்ளியியல் பாடநூலைத் தமிழாக்கி வருகிறோம். ‘ஆயுள் அட்டவணை’ (எந்த வயதில் இறப்புக்கு எவ்வளவு வாய்ப்பு என்று காட்டும் பட்டியல்) இயலில் ஒரு பயிற்சிக் கணக்கு இடிக்கிறது. மேலைநாடுகளில் ஆண்டு பிறக்குமுன் நண்பர்கள் கூடி, வரும் ஆண்டில் மறையக்கூடிய புகழ்பெற்றவர்கள் என்று ஆளுக்கொரு பட்டியல் எழுதும் ஆட்டம் உண்டு. பட்டியலில் இருப்பவர் காலமானால் எழுதியவருக்குப் புள்ளி. நூறிலிருந்து வயதைக் கழித்துப் புள்ளி போடுவது ஒரு முறை: 97 வயதுக்காரர் போனால் மூன்றே புள்ளி, 60 வயதுக்காரர் போனால் நாற்பது. இதன் ஆங்கிலப் பெயர் ‘டெத் பூல்’. அதையே ஒலிபெயர்த்துவிடலாமே என்று தயவுசெய்து எழுதாதீர்கள். அந்த இரண்டாவது சொல்லைக் கரும்பலகையில் எழுதி, பதினெட்டு வயதுப் பிள்ளைகள் முன்னால் உரக்கப் படித்துப் பாருங்கள். இடக்கரடக்கல் கற்றவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை.

வியாழக்கிழமை அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும். இப்போதைக்கு ‘மறைவுக் கணிப்பு’ என்று போட்டிருக்கிறேன்.

தேவகோட்டையிலிருந்து:

அம்மா, மறைவுக் கணிப்பு என்றால் மறைவைக் கணிப்பதா, மறைவில் நின்று கணிப்பதா? தொகையை விரித்தால் இரண்டும் வரும். வாலி வதைப் படலத்துக்குப் பிறகு கம்பன் கழகத்து ஊரில் ‘மறைவு’ என்ற சொல்லை இவ்வளவு துணிச்சலாக எடுத்து ஆளலாமா?

தகுதி வழக்கில் மங்கலம் என்று ஒன்று இருக்கிறதே. அதற்கு உரைகாரர்கள் காட்டும் எடுத்துக்காட்டே ‘செத்தாரைத் துஞ்சினார் என்றல்’. குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன் என்று புறநானூறு மன்னர்களை அவர்கள் கண்மூடிய இடத்தாலேயே அடையாளம் காட்டுகிறது. இத்தனை நயமான சொல் வீட்டில் இருக்க வெளியே ஏன் தேட வேண்டும்? துஞ்சு + ஊகம் = துஞ்சூகம். குற்றியலுகரம் கெட்டு, உயிர் ஏறி முடிந்தது. பரிந்துரைக்கிறேன்.

கோலாலம்பூரிலிருந்து:

புலவர் ஐயா அவர்களுக்கு வணக்கம். யூகம், ஊகம் எதுவானாலும் வடசொல்தான். நம் பழைய நூல்களில் வரும் ஊகம் வேறு. அது ஒரு புல், கருங்குரங்குக்கும் அதுவே பெயர். துஞ்சூகம் என்றால் கிளையில் படுத்துத் தூங்கும் குரங்கு.

தூய சொல் வேண்டுமா? கூற்று. உடலையும் உயிரையும் கூறுபடுத்துவதால் எமன் கூற்றானான். கூறு, கூற்று, கூற்றன், கூற்றுவன் என்று வேர் நேராக ஓடுகிறது. சொல்லப்படுவதும் கூற்றுதான். ஆக, இன்னாரைக் கூற்று கொண்டுபோகும் என்று கூறுவது ‘கூற்றுக்கூற்று’. ஒரே வேரில் இரண்டு கிளை. இந்த அழகு வேறெந்த மொழியில் வாய்க்கும்?

காரைக்குடியிலிருந்து:

ஐயா, மன்னிக்கவும். வகுப்பில் ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். கடைசி வரிசையில் ஒருவன் மாடப்புறாவைப் போலக் கூவினான்.

கானாடுகாத்தானிலிருந்து:

வங்கியில் காலம் கழித்தவன் என்ற முறையில் ஒன்று. எல்லோரும் முதல் சொல்லையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். இரண்டாவது சொல்லுக்குப் பலர் கூடிப் போட்ட பொதுப்பணம் என்று பொருள். பணத்தைக் கூட்டாகப் போட்டு ஒருவர் எடுப்பதற்கு நம் பக்கத்தில் சீட்டு என்று பெயர். இன்னாரின் சீட்டு கிழிந்தது என்றால் எவருக்கும் உரை வேண்டாம். கூற்றுச்சீட்டு என்று வையுங்கள். கோலாலம்பூர் அண்ணனின் பாதிச் சொல்லும் பிழைக்கும்.

இந்த ஆட்டம் புதிதும் அன்று. பதினெட்டாம் நூற்றாண்டு இலண்டனில் பெரிய மனிதர் நோயில் விழுந்தால் அவர் உயிர்மேல் அயலார் காப்பீடு எடுத்துக்கொண்டு காத்திருப்பார்கள். காப்பீடு என்று பெயர், செய்தது சூது. 1774இல் சட்டம் போட்டுத்தான் அதை நிறுத்தினார்கள். காத்திருந்து கெட்ட கதையும் சொல்கிறேன். பிரான்சில் ஆர்ல் நகரத்தில் 1965இல் ஒரு வழக்கறிஞர், 90 வயதான ழான் கல்மான் அம்மையாரின் வீட்டை ஒப்பந்தம் பேசினார். அம்மையார் இருக்கும்வரை மாதம் 2,500 பிராங்கு கொடுப்பது, பிறகு வீடு இவருக்கு. அப்போது வழக்கறிஞருக்கு வயது 47. முப்பது ஆண்டு கொடுத்துவிட்டு 1995இல் அவர் போய்ச் சேர்ந்தார். அம்மையார் 1997 வரை, 122 வயது வாழ்ந்தார். இடைக்காலத் தவணையை வழக்கறிஞர் குடும்பம் கட்டியது. இதைத்தான் இழவு காத்த கிளி என்பது; எழுத்துப்பிழை இல்லை, இடையின ழகரம்தான்.

பள்ளத்தூரிலிருந்து:

நான்கு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், தம்பி. ஒருவருக்கும் கூசவில்லையா? எண்பதாம் கல்யாணம் செய்துவைத்து, காலில் விழுந்து திருநீறு வாங்குகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு, உயிரோடு இருப்பவருக்குச் சீட்டுப் போடுகிறீர்கள். எங்கள் வீடுகளில் செத்தார் என்ற சொல்லே புழங்காது. கேதம் என்போம், கேதம் கேட்கப் போகிறோம் என்போம். அது வடசொல் என்று கோலாலம்பூரிலிருந்து மடல் வரும். வரட்டும்.

சொல்தான் வேண்டுமென்றால் பழமொழியிலேயே இருக்கிறது. ‘கிழவன் எப்போது சாவான், திண்ணை எப்போது காலியாகும்.’ திண்ணைக் கணக்கு என்று எழுதுங்கள். ஆட்டமும் புரியும், ஆடுகிறவனின் லட்சணமும் புரியும்.

தேவகோட்டையிலிருந்து:

ஆச்சி சொல்வதில் நியாயம் இருக்கிறது. புறநானூறு 229ஐப் பாருங்கள். பங்குனி இரவில் ஒரு விண்மீன் எரிந்து விழக் கண்ட கூடலூர் கிழார், மாந்தரஞ்சேரல் இரும்பொறைக்கு ஏதோ நேரப்போகிறது என்று உணர்கிறார். ஏழாம் நாள் மன்னன் துஞ்சுகிறான். இது கணிப்புதான், அதுவும் பலித்த கணிப்பு. ஆனால் பாட்டில் இருக்கும் சொல் ‘அஞ்சினம்’. பாட்டு பிறந்த சூழலைச் சொல்லும் குறிப்பான கொளுவும் ‘இன்ன நாளில் துஞ்சும் என அஞ்சி’ என்றே பேசுகிறது. அஞ்சிக் கணிப்பவனுக்கும் புள்ளிக்குக் கணிப்பவனுக்கும் ஒரே சொல் போதாது. முன்னதற்கு நிமித்தம் என்று சொல் இருக்கிறது. பின்னதற்குத்தான் நாம் தேடுகிறோம். துஞ்சூகத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், குரங்குக்காக அன்று, இதற்காக.

கோலாலம்பூரிலிருந்து:

நிமித்தம் வடசொல்.

காரைக்குடியிலிருந்து:

பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும். இது இலக்கிய வகுப்பு அன்று. கணக்கு என்னவென்றால், பெரியவர்களின் இறப்பு வீதம் ஏறக்குறைய எட்டு ஆண்டுக்கு ஒரு முறை இரட்டிக்கிறது. கோம்பெர்ட்ஸ் என்ற ஆங்கிலக் கணிதர் 1825இல் வகுத்த விதி இந்தப் போக்கைத்தான் சொல்கிறது. அமெரிக்க அட்டவணைப்படி 90 வயது ஆண் ஓராண்டுக்குள் இறக்க வாய்ப்பு ஏறக்குறைய ஆறில் ஒன்று. அப்படிப் பத்துப் பேரைப் பட்டியலிட்டால், ஒருவராவது மறைய 84 விழுக்காடு வாய்ப்பு. பட்டியல் போட்டவன் தன்னைத் தீர்க்கதரிசி என்று நினைத்துக்கொள்கிறான். அந்த மயக்கத்தைத் தெளிவிப்பதுதான் பயிற்சியின் நோக்கம். தனி ஒருவரைப் பற்றி அட்டவணை வாய் திறக்காது. ஜிம்மி கார்ட்டர் 2023 பிப்ரவரியில் மருத்துவமனையை விட்டு வீட்டிலேயே இறுதிக்காலப் பராமரிப்பு என்று அறிவித்தபோது எத்தனை பட்டியலில் அவர் பெயர் ஏறியிருக்கும்! நூறு வயதைத் தாண்டி 2024 டிசம்பரில்தான் மறைந்தார். 1979 மார்ச்சில் ஜெயபிரகாஷ் நாராயண் இறந்துவிட்டதாக நாடாளுமன்றத்திலேயே பிரதமர் அறிவித்தார். அவர் அக்டோபர் வரை இருந்தார்.

ஆகவே சொல்லில் வாய்ப்பு என்ற கருத்தும் தெரிய வேண்டும், பகடியும் மிகக் கூடாது. மாணவர்களுக்குத் திண்ணைக் கணக்குதான் பிடித்திருக்கிறது. பதிப்பாசிரியர், அது வீட்டுப் பரப்பளவுக் கணக்கு என்று தோன்றும் என்கிறார்.

கானாடுகாத்தானிலிருந்து:

எங்கள் தெருத் திண்ணைகளை அளக்க ஒரு தனி இயலே வேண்டும் என்று பதிப்பாசிரியரிடம் சொல்லுங்கள். எனக்குச் சீட்டு போதும். ஆனால் வியாழன் நாளை. மறைவுக் கணிப்பே இருந்துவிட்டுப் போகட்டும்.

தேவகோட்டையிலிருந்து:

இருக்கட்டும். ‘மறைவுக்கணிப்பு’ என்று சேர்த்து எழுதுங்கள். வாலி ஐயம் கொஞ்சம் குறையும்.

பள்ளத்தூரிலிருந்து:

எப்படியாவது போங்கள். பயிற்சியில் உயிரோடு இருப்பவர் பெயர் ஒன்றும் வரக் கூடாது.

காரைக்குடியிலிருந்து:

ஆச்சி, பெயர்களை எடுத்துவிட்டு வயதை மட்டும் வைத்திருக்கிறோம். மறைவுக்கணிப்பு என்றே அனுப்பிவிட்டேன். கூற்றுச்சீட்டு அடிக்குறிப்பில் வருகிறது. அனைவருக்கும் நன்றி.

கோலாலம்பூரிலிருந்து:

அடிக்குறிப்பில் ‘கூற்று’ மட்டும் போதும், ‘சீட்டு’ வேண்டாம் என்று என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். அதைவிட, இயலின் தலைப்பே ‘ஆயுள்’ என்று இருப்பதை ஒருவரும் கவனிக்கவில்லை. வாழ்நாள் இருக்கிறது, வாணாள் இருக்கிறது. அச்சகம் இன்னும் தாள் வாங்கியிருக்காது என்று நினைக்கிறேன். தனி மடலில் தொடர்கிறேன்.