மைண்ட்ஹண்டர் இரண்டாம் சீசன் பார்க்கலாமா?

பெருந்துறைக்காரன்: திருப்பூரில் நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து மைண்ட்ஹண்டர் முதல் சீசனை முடித்துவிட்டேனுங்க, எஃப்.பி.ஐ. (அமெரிக்கப் புலனாய்வுத் துறை) ஆட்கள் சிறையில் இருக்கும் தொடர் கொலைகாரர்களிடம் பேசுகிற நெட்ஃபிளிக்ஸ் தொடர். கொலையைக் காட்டாமலேயே, கொலைகாரன் எட் கெம்பர் எதிரே உட்கார்ந்து சாவகாசமாகப் பேசுவதிலேயே வயிறு கலங்கிவிட்டது. அடுத்ததும் இப்படித்தானா?

கோபி வாசகி: அதில் 1979 முதல் 1981 வரை அட்லாண்டாவில் கறுப்பினப் பிள்ளைகள் கொல்லப்பட்ட வழக்குதான் முக்கியம். கொலையாளி எப்படிப்பட்டவன் என்ற கணிப்பு கையில் இருந்தும் எஃப்.பி.ஐ. ஆட்கள் ஆதாரத்துக்கு அல்லாடுகிறார்கள், பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்கள் கேட்கும் கேள்விகளோ மனசை அறுக்கும். கட்டாயம் பாருங்க.

பொள்ளாச்சி: கெம்பர் நிஜ ஆளுங்கண்ணா, நடித்தவர் கேமரன் பிரிட்டன். வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் கேட்பதுபோல முட்டை சாண்ட்விச் வேண்டுமா என்று கேட்பாரே, அந்த இடம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அப்புறம், 2019க்குப் பிறகு அடுத்த சீசன் வரவேயில்லை, இடையிடையே தலைகாட்டும் கான்சாஸ் மாநிலக் கொலைகாரன் கதை பாதியிலேயே நிற்கும்.

பெருந்துறைக்காரன்: சரிங்க, ஞாயிற்றுக்கிழமை ஆரம்பிக்கிறேன்.