மாடு போன பிறகு வந்த பில்

செங்கலடியான்:
ஜேர்சி கலப்பு, மூன்றாம் ஈற்று. கன்று போட்ட மறுநாள் விடிய எழும்பவில்லை. கழுத்தை விலாப்பக்கம் மடித்துப் போட்டுக்கொண்டு கிடந்தது, காது சில்லென்று இருந்தது. பால் காய்ச்சல், அதாவது கன்று போட்ட மாட்டுக்கு இரத்தத்தில் கல்சியம் குறைகிற நோய், என்று மாடு வளர்க்கிற எவருக்கும் விளங்கும். அரசாங்க அலுவலகம் திறக்க நேரம் கிடந்ததால் தனியாகப் பார்க்கிற டொக்டரை அழைத்தேன். சுணங்காமல் வந்தார், அதில் குறை சொல்ல மாட்டேன். கல்சியம் போத்தலைத் தூக்கிப் பிடிக்க அக்காவின் மகனை நிறுத்தினார். பாதி இறங்கியிருக்கும். மாடு காலை நீட்டி ஒரு முறை பெரிதாக மூச்சு விட்டது, அவ்வளவுதான். டொக்டர் ஊசியைக் கழற்றிவிட்டார். நாங்கள் எல்லோரும் மாட்டைப் பார்த்துக்கொண்டு நிற்க, பொடியன் மட்டும் போத்தலைப் பிடித்தபடியே நின்றான். இறக்கு என்று ஒருவரும் அவனிடம் சொல்லவில்லை.

மறுகா வாட்ஸ்அப்பில் பில் வருகிறது. மூன்று போத்தல் கல்சியமாம். மற்ற இரண்டும் மூடி கழலாமல் அவருடைய பெட்டிக்குள் திரும்பிப் போனதை என் கண்ணால் பார்த்தேன். கேட்டால், "உங்களுக்கென்று கொண்டு வந்த மருந்துதானே" என்கிறார். இழுபறிக்குப் பிறகு இரண்டு போத்தலை வெட்டிவிட்டுப் புதுப் பில் அனுப்பினார். அதில் முதல் பில்லில் இல்லாத 'அவசர வருகை' என்று ஒன்று முளைத்திருந்தது. மொத்தம் ஏறக்குறைய பழையதுதான்! வருகைக் காசை அன்றே கையில் கொடுத்தாயிற்று, மிச்சத்தைக் கொடுக்கவில்லை. கொடுக்காமல் இருக்கவும் பயம். இந்தப் பக்கத்தில் நேரம் கெட்ட நேரத்தில் கூப்பிட்டால் வருகிறவர் அவர் ஒருவர்தான். பட்டியில் இன்னும் சினைமாடு நிற்கிறது. யாருக்காவது இப்படி நடந்திருக்கா?

பொத்துவில் நானா:
எனக்கு மாடில்லை, மட்டக்குதிரை. அறுகம்பைக்கு வருகிற வெள்ளைக்காரரை ஏற்றி நடத்த மச்சானும் நானும் பங்குக்கு வாங்கியது. ஒரு நாள் பின்னேரம் வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது, அப்புறம் மணலில் புரளத் தொடங்கியது. குதிரைக்கு வாந்தி எடுக்க ஏலாது, மூக்கால் குழாய் விட்டுத்தான் வயிற்றில் இருப்பதை வெளியே எடுக்க வேண்டும். வந்த டொக்டர் நேர்மையான மனிசன். படிக்கிற காலத்தில் குதிரையைத் தொட்டதுதான் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். பேராதனையில் தனக்குப் படிப்பித்தவருக்கு போன் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுச் செய்தார். அந்தப் பக்கத்தில் இருந்தவர் "குழாய் எந்த அளவு?" என்று கேட்டார். இவர் கையில் இருந்த குழாயைப் பார்த்தார், பதில் சொல்லவில்லை. சுபஹுத் தொழுகைக்கு முதல், விடிய முன்னமே, குதிரை போய்விட்டது.

பில்லில் 'நிபுணர் ஆலோசனை' என்று ஒரு வரி. மச்சான் கொதித்தான்: அவர் தெரிந்துகொள்ள நாங்கள் ஏன் சல்லி கட்டுவது? வாப்பா சொன்னார், தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் கேட்டவன், கொடுத்துவிடு என்று. கொடுத்தோம். எனக்கு இன்னும் மனம் ஒத்துக்கொள்ளவில்லை.

கொக்கட்டிச்சோலை மருமகள்:
என் மாமா மாட்டு டொக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், அதனால் சொல்கிறேன். செங்கலடி அண்ணன், மூன்று போத்தல் என்று எழுதியதும் களவு என்றே முடிவு கட்டிவிட்டீர்கள். கல்சியத்தை நாளத்தில் கெதியாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும், அதனால் மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். போத்தலை எவ்வளவு உயரத்தில் பிடிக்கிறோமோ அவ்வளவு வேகமாக இறங்கும். உங்கள் பொடியன் எந்த உயரத்தில் பிடித்தான்?

செங்கலடியான்:
டொக்டர் காட்டிய உயரத்தில் பிடித்தான், பிள்ளை. அவனுக்குப் பதினொரு வயது. இதை அவன் கண்ணில் படாமல் வைக்கிறேன். நான் கேட்டது மாடு ஏன் செத்தது என்று இல்லை. பெட்டிக்குள் திரும்பிப் போன போத்தலுக்கு ஏன் காசு என்றுதான்.

திருக்கோவில் பழசு:
என் கதை சின்னது. 2022 டிசம்பர் குளிர்காற்றில் வடக்கு கிழக்கெல்லாம் மாடு செத்ததே, அதில் எனக்கும் போனது. டொக்டரும் இல்லை, பில்லும் இல்லை. சரி, இனி விசயத்துக்கு வருவோம்.

தம்பி, முதலாவது, பில்லை வரி வரியாகப் பிரித்து, கையெழுத்தும் பதிவு இலக்கமும் போட்டுத் தரச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் பில்லை அழித்துவிட வேண்டாம், இரண்டையும் வைத்திருங்கள். முதல் பில்லில் இல்லாதது இரண்டாவதில் வந்ததுதான் உங்கள் பிடி. மிச்சக் காசில் நீங்கள் ஒத்துக்கொள்கிற பங்கைக் கட்டி ரசீது வாங்குங்கள். முழுதாகக் கொடுக்காமல் இருந்தால் நீங்கள்தான் கடன்காரன் ஆவீர்கள். அப்படியும் சரிவராவிட்டால் இணக்க சபை, பிணக்கைப் பேசித் தீர்த்து வைக்கிற இடம். அங்கே சட்டத்தரணி வந்து வாதாட முடியாது, செலவும் இல்லை. ஆனால் அவர்கள் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள், இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால்தான் இணக்கம். வைத்தியத்திலேயே பிழை என்றால் அது வேறு, மிருக வைத்தியர் சபைக்கு எழுத வேண்டும். அதற்குப் புதைக்க முதல் அறுத்துப் பார்த்த அறிக்கை இருந்தால்தான் பேச்சு எடுபடும். நீங்கள் புதைத்திருப்பீர்கள்.

இன்னொன்று, காப்புறுதி. கமநலக் காப்புறுதி சபையில் மாட்டுக்கும் போடலாம். காதுத் தகடு அடித்திருக்க வேண்டும், செத்தால் உடனே அறிவிக்க வேண்டும். அதற்கும் டொக்டரின் சான்றிதழ்தான் கேட்பார்கள், அதனால் பகைக்கிறதை யோசித்துப் பகையுங்கள். சினைமாட்டுக்குக் கடைசி மாதம் தீனியில் கல்சியத்தை அள்ளிப் போடவும் வேண்டாம். அப்படிப் போட்டால் உடம்பு எலும்பில் இருந்து எடுக்கும் பழக்கத்தை விட்டு, கன்று போட்ட கையோடு விழும். இது யாரும் கேட்கவில்லைதான், இருந்தாலும் சொன்னேன்.

வாகரைக் கரை:
பில்லுக்குச் சண்டை பிடிக்கிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள். எங்கள் பக்கம் டொக்டர் வருவதற்குள் மாட்டைப் புதைத்துவிட்டுக் குளித்தும் விடுவோம்.

பொத்துவில் நானா:
பழசு ஐயா, குதிரைக் கேஸையும் இணக்க சபை எடுக்குமா?

திருக்கோவில் பழசு:
காசுப் பிணக்கு என்றால் எடுக்கும், மாடா குதிரையா என்று பார்ப்பதில்லை. சபைத் தலைவருக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். ஆனால் நீங்கள் கட்டி முடித்துவிட்டீர்களே, நானா. இனி வாப்பாவோடுதான் இணங்க வேண்டும்.

செங்கலடியான்:
எல்லாம் சரி ஐயா. இணக்க சபைக்கு இழுத்த பிறகு, சினைமாடு விழுந்தால் அந்த மனிசன் வருவாரா?

திருக்கோவில் பழசு:
அதற்குச் சட்டத்தில் ஒன்றும் இல்லை, தம்பி. ஏறாவூர்ப் பக்கம் ஒருவர் பார்க்கிறார் என்று கேள்வி. நம்பரைத் தனியாக அனுப்புகிறேன், முதலில் விலையைக் கேளுங்கள்.